கிராணி பங்களா கல்லு சிமினி, மூட்டுல காரை கொட்டுது, சிமெண்ட் பூசலாமா?

ரிங்லெட்காரி:
வணக்கம் எல்லாருக்கும். எங்க வீடு கேமரன் மலை ரிங்லெட் பக்கம், முன்ன தோட்டத்து பெரிய கிராணி, அதான் ஆபீஸ் தலைமை கணக்கர், இருந்த பங்களா, 1930கள்ல கட்டுனதுன்னு அப்பா சொல்வாரு. பலகை சுவரு, ஜிங்கு கூரை, ஆனா ஒரு பக்கம் மட்டும் தரையிலேர்ந்து கூரைக்கு மேல வரைக்கும் கருங்கல்லுல கட்டுன சிமினி நிக்குது. கல்லு நல்லாதான் இருக்கு, மூட்டுல உள்ள காரைதான் விரல்ல தொட்டாலே மாவா கொட்டுது, முன்ன இருந்தவங்க அங்கங்க சிமெண்ட் வச்சி அடைச்சிருக்காங்க, அதுவும் வெடிச்சி தொங்குது. உச்சியில ஒரு அரச மரமோ ஆல மரமோ முளைச்சி முழங்கை அளவு ஆயிருச்சி. மழ பெஞ்சா ஹால்ல கணப்பு இருக்குற சுவத்துல பழுப்பு கறை இறங்குது, வாடையும் வருது. ஒரு காண்ட்ரெக்டர வந்து பாக்க சொன்னோம், முழு சிமினிக்கும் சிமெண்ட் பூசி மேல வாட்டர்புரூப் பெயிண்ட் அடிச்சிட்டா தீர்ந்துச்சின்னு சொல்றாரு. அப்பாவுக்கு அந்த கல்லு முகம் மறையறதுல இஷ்டமே இல்ல, எனக்கும் இல்ல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பூசலாமா வேணாமா?

தாப்பாரோடு:
யாரு இப்ப அங்க நெருப்பு மூட்டுறா? கூரைக்கு மேல உள்ளத இறக்கிட்டு அந்த ஓட்டைய ஜிங்கு போட்டு மூடிடுங்க. ஒழுகறதுக்கு வழியே இருக்காது.

மலைமேசன்:
தங்கச்சி, பூசாதீங்க. இடிக்கவும் அவசரப்படாதீங்க. நான் கல்லு வேல பாக்குறவன், சொல்றத கொஞ்சம் பொறுமையா படிங்க.

கருங்கல்லு தண்ணி குடிக்காது, குடிச்சாலும் ரொம்ப ரொம்ப கொஞ்சம். அதனால செங்கல் சிமினி மாதிரி இதுல ஈரம் சுவரு முழுக்க பரவி காயறது கிடையாது, தண்ணி உள்ள போறதும் வெளிய வர்றதும் மூட்டு வழியா மட்டும்தான். அந்த மூட்டுல இருக்குற சுண்ணாம்பு காரை கெட்டியா இல்லாம மெதுவா இருக்கும், கல்லு வெயில்ல விரிஞ்சி மழையில சுருங்கும்போது அதுவும் கொஞ்சம் விட்டு குடுக்கும், உள்ள போன ஈரத்த திருப்பி வெளியவும் விடும். அங்க கெட்டி சிமெண்ட வச்சி அடைச்சா அது விட்டு குடுக்காது, கல்லு ஓரத்துல முடி மாதிரி ஒரு வெடிப்பு விழும், கண்ணுக்கே தெரியாது, ஆனா அந்த வெடிப்பு வழியா தண்ணி தானா உறிஞ்சி உள்ள போயிரும். போன தண்ணிக்கு வெளிய வர வழி கிடையாது. கொழுந்து எடுக்குறவங்க இடுப்புல கட்டுற பிளாஸ்டிக் படங்கு மாதிரிதான், மழ உள்ள வராது, ஆனா உள்ள இருக்குற துணி வேர்வையிலேயே நனைஞ்சி கெடக்கும். உங்க வீட்டுல முன்ன வச்ச சிமெண்ட் வெடிச்சி தொங்குறதுக்கு காரணம் இதுதான். இப்ப முழுசா பூசுனா அதே கத பெரிய அளவுல நடக்கும், அதுக்கப்புறம் பூச்ச எடுக்கறதுக்குள்ள கல்லு முகமே போயிரும்.

இன்னொன்னு. நெட்ல பாக்குற வெளிநாட்டு வீடியோ எல்லாம் பனி உறைஞ்சிதான் சிமினி கெட்டுப்போச்சின்னு சொல்லும், அத பாத்துட்டு இங்க அப்படியே செய்யாதீங்க. மலேசியாவுலயே ரொம்ப குளிர்ந்ததா பதிவானது நம்ம கேமரன் மலையிலதான், 1978 பிப்ரவரி 1ஆம் தேதி, அதுவே 7.8 டிகிரிதான். இங்க உறையறது கிடையாது. இங்க சிமினிய கெடுக்கறது மழ, வேர், துருப்பிடிச்ச இரும்பு, புகைக்கரி. அந்த வரிசையில தேடுங்க.

இப்ப எனக்கு சில விஷயம் வேணும். உச்சியில மூடியிருக்குற சிமெண்ட் பலகையில வெடிப்பு இருக்கா? கூரையும் சிமினியும் சேர்ற எடத்துல என்ன போட்டிருக்காங்க? சிமினிக்கு மேல்பக்கம், அதாவது கூரை தண்ணி வந்து மோதுற பக்கம், இலை தேங்குதா? தூக்குக் குண்டு கட்டி பாருங்க, சிமினி நேரா நிக்குதா சாயுதா? மூட்டுல பழைய காரைய ஒரு ஆணியால சுரண்டி பாத்து எப்படி இருக்குன்னு சொல்லுங்க. ஏணி போட்டு நீங்களா ஏறாதீங்க, தெரிஞ்சவங்கள வச்சி பாருங்க, இல்ல எதிர் மேட்டுலேர்ந்து போட்டோ எடுத்து பெருசு பண்ணி பாருங்க.

கொழுந்துக்கூடை:
மலைமேசன் அண்ணே சொல்றது அப்படியே உண்ம. எங்க தோட்டத்து பழைய ஆஸ்பத்திரி கட்டடத்துக்கும் இப்படித்தான் பூசுனாங்க, உள்ள சுவரு எப்பவும் ஈரமாவே இருந்துச்சி.

ரிங்லெட்காரி:
ரொம்ப நன்றி அண்ணே. சித்தப்பா மகன் ஏறி பாத்தான், பெல்ட் எல்லாம் கட்டிதான் ஏறுனான். குண்டு கட்டி பாத்ததுல சிமினி நேராதான் இருக்கு, உச்சி வரிசையில மட்டும் ஒரு ரெண்டு கல்லு ஆடுது. மேல இருக்குற சிமெண்ட் பலகை குறுக்க வெடிச்சி பாசி புடிச்சிருக்கு, அந்த வெடிப்புலேர்ந்துதான் மரமே முளைச்சிருக்கு. கூரை சேர்ற எடத்துல ஜிங்கு ஓரத்துல தாரு மாதிரி கருப்பா பூசி வச்சிருக்காங்க, அது காஞ்சி பொரிஞ்சி போச்சி. மேல்பக்கம் இலை நெறைய தேங்கி மண்ணாவே ஆயிருக்கு. அப்புறம் பழைய டிவி ஆண்டெனா கம்பிய இரும்பு பட்டை போட்டு சிமினியில இறுக்கி இருக்காங்க, பட்டை துருப்பிடிச்சி அது பக்கத்துல உள்ள மூட்டு தனியா வெடிச்சிருக்கு. ஆணியால சுரண்டுனா காரை பொடிப்பொடியா வருது, உள்ள வெள்ள வெள்ளயா புள்ளி தெரியுது.

மலைமேசன்:
நல்லா பாத்திருக்கீங்க. வெள்ள புள்ளின்னா கரையாம நின்ன சுண்ணாம்பு கட்டி, அப்ப அது சுண்ணாம்பு காரைதான். 1930கள்ல சிமெண்டும் இருந்துச்சி, கொஞ்சம் கலந்து கூட கட்டியிருப்பாங்க, அதனாலதான் கேட்டேன். ஆணிக்கே கொட்டுற அளவுக்கு மெதுவா இருந்தா சுண்ணாம்புல வேல பாக்கறதுதான் சரி.

கறை இறங்கறதுக்கு காரணம் மூட்டு மட்டும் இல்லங்கறது இப்ப தெளிவா தெரியுது. உச்சி பலகை, கூரை ஓரம், மேல்பக்க இலை தேக்கம், இந்த மூணுலேர்ந்துதான் பெரும்பாலான தண்ணி வருது. இத விட்டுட்டு மூட்ட மட்டும் எவ்வளவு அழகா அடைச்சாலும் கறை நிக்காது. அதனால மேலேர்ந்து கீழ வாங்க. முதல்ல உச்சி. பழைய பலகைய எடுத்துட்டு புதுசா போடணும், நடுவுலேர்ந்து நாலு பக்கமும் சாய்வா, சிமினி முகத்த விட்டு வெளிய நீட்டிக்கிட்டு, நீட்டுன அடியில ஒரு சின்ன கோடு வெட்டி விட்டா தண்ணி அங்கேயே சொட்டி விழும், கல்லு மேல வழியாது. உச்சி பலகைக்கு சிமெண்ட் போடலாம், அது கெட்டியா இருக்க வேண்டிய எடம்தான், கம்பி வச்சா வெளிய தெரியாம நல்லா மூடணும். ஆடுற கல்ல எடுத்து கழுவி அதே எடத்துல திருப்பி உக்கார வைக்கணும், எடுக்குறதுக்கு முன்ன சாக்குக்கட்டியால நம்பர் போட்டு போட்டோ எடுத்துக்கோங்க. ஆண்டெனா பட்டைய கழட்டி வீசுங்க. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பெருக்கும், கல்லையே தள்ளிடும்.

தாப்பாரோடு:
இவ்வளவு வேலைக்கு இறக்கறதே மலிவு. நான் சும்மா சொல்லல, மேல ஆடுற கல்லு காத்துல ஜிங்கு மேல விழுந்தா உள்ள படுத்திருக்கறவங்க கதி என்ன? சின்ன புள்ளைங்க இருக்குற வீடா?

மலைமேசன்:
நீங்க கேக்கறது நியாயம். ஆடுற கல்ல உடனே இறக்கி கீழ வச்சிடணும், அதுல எனக்கு மறுப்பே இல்ல, நாளைக்கே செய்யலாம். ஆனா நேரா நிக்குற சிமினிய அதுக்காக இடிக்க வேண்டியதில்ல. இங்கிலாந்து கட்டட விதியில ஒரு கணக்கு இருக்கு, தாங்கு இல்லாம நிக்குற சிமினி உயரம் அதோட குறுகுன பக்க அகலத்துல 4.5 மடங்குக்கு மேல போகக்கூடாதுன்னு. கூரைக்கு மேல எவ்வளவு நிக்குதுன்னு அளந்து பாருங்க, கட்டையா தடியா இருந்தா பயம் கொறைவு. சாஞ்சிருந்தாலோ நடுவுல வயிறு தள்ளி இருந்தாலோ அப்ப இஞ்சினியரதான் கூப்பிடணும், அத மேசன் கையில விடக்கூடாது.

இன்னொரு விஷயம், கூரைக்கு மேல மட்டும் இறக்குனா வேல முடிஞ்சிருமா? கீழ நிக்குற கல்லு தூணுக்கு உள்ள புகைக்கரி இருக்கு, அதுல உள்ள உப்பு காத்துல இருக்குற ஈரத்தயே இழுக்கும், பழுப்பு கறைக்கு அதுவும் ஒரு காரணம். மேல காத்து போக வழி இல்லாம ஜிங்கு போட்டு அடைச்சிட்டா அந்த ஈரம் எங்கயும் போகாது.

ரிங்லெட்காரி:
அளந்தோம் அண்ணே, கூரைக்கு மேல உள்ள உயரம் அகலத்துல ரெண்டு மடங்கு கூட வரல. ஆடுற கல்ல இறக்கி வராந்தாவுல வச்சாச்சி. அந்த மரத்த புடுங்கிடலாமா?

கொழுந்துக்கூடை:
புடுங்காதீங்க! வேர் மூட்டுக்குள்ள போயிருக்கும், இழுத்தா கல்லும் சேந்து வரும். நான் தோட்டத்துல மருந்தடிக்கிற கேங்குல இருந்தவ, இத சொல்லியே ஆகணும். அடியோட வெட்டிட்டு, வெட்டுன உடனே அந்த பச்ச வெட்டு மேல கிளைஃபோசேட் மருந்த பிரஷால தடவுங்க, நேரம் விட்டா வெட்டு காஞ்சிரும் மருந்து உள்ள போகாது. கிளைஃபோசேட் வேர் வரைக்கும் இறங்கும். சில பேர் ஸ்டோர்ல பழைய பாராகுவாட் வச்சிருப்பாங்க, அது மேலாக்க கருக்கும், வேர சாகடிக்காது, அதோட 2020 ஜனவரி 1லேர்ந்து நம்ம நாட்டுல அது தடை. அந்த மருந்தால எங்க ஆளுங்க கையும் நகமும் கண்ணும் பட்ட பாடு எனக்கு தெரியும், தயவுசெஞ்சி யாரும் தொடாதீங்க. வெட்டுன மரம் திரும்ப தளிர் விடலன்னா வேர் செத்துருச்சின்னு அர்த்தம், அப்புறம் மூட்டு சுரண்டும்போது வேர துண்டு துண்டா எடுங்க. கையுறை போடுங்க, மழ வர்ற நேரத்துல தடவாதீங்க, மழத்தண்ணி பிடிக்கிற தொட்டி இருந்தா பைப்ப திருப்பி விட்டுட்டு செய்ங்க.

காரைவீடு:
இந்த பேச்ச பாத்ததும் சந்தோஷமா இருக்கு. எங்க தாத்தா காரைக்குடி பக்கத்துலேர்ந்து வந்தவரு, அந்த ஊரு வீடுங்கள்ல சுண்ணாம்பு கூட கடுக்காய் ஊற வச்ச தண்ணி, கருப்பட்டி எல்லாம் போட்டு அரைச்சி, மேல் பூச்சுக்கு முட்ட வெள்ளக் கரு சேத்து பூசுவாங்க, சுவரு இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு. அதே முறையில இதையும் செஞ்சா என்ன? நம்ம ஆளுங்க கையில இருந்த வித்த இது, இங்கயும் ஒரு எடத்துல உயிரோட இருக்கணும்னு எனக்கு ஆச.

மலைமேசன்:
ஆச எனக்கும் உண்டு ஐயா. அந்த பூச்சு உள் சுவத்துக்கு, காஞ்ச ஊருக்கு. கருப்பட்டி சேத்தா சுண்ணாம்பு தண்ணியில அதிகமா கரையும், அதுதான் அதோட வேல, நல்லா வழவழன்னு வரும். ஆனா இங்க சிமினி உச்சி மாசக்கணக்கா நனையுற எடம், அங்க வெல்லம் கருப்பட்டி வேணாம். சிமெண்ட் கலக்குற எடத்துல மட்டும் மறந்தும் சக்கர படக்கூடாது, கொஞ்சம் பட்டாலே சிமெண்ட் இறுகாது.

ஆனா நம்ம ஊரு வித்தையில இன்னொன்னு இங்க அப்படியே பொருந்தும், அது சுர்க்கி, செங்கல் பொடி. ஏன்னு சொல்றேன். நமக்கு பக்கத்துல கிடைக்கிற சுண்ணாம்பு கிந்தா பள்ளத்தாக்கு சுண்ணாம்புக்கல்லுல சுட்டது, ஈப்போ சுத்துவட்டாரத்துல செய்யறாங்க. அது ரொம்ப சுத்தமான சுண்ணாம்பு, சுத்தமா இருக்கறதாலேயே தண்ணியில தானா இறுகாது, காத்துல உள்ள கரியமில வாயுவ இழுத்துதான் மெதுவா மறுபடி கல்லாகும். நம்ம மலையில எப்பவும் ஈரம், மூட்டு நனைஞ்சே கெடந்தா காத்து உள்ள போகாது, அப்ப அது மாசக்கணக்கா வெண்ணெயாவே நிக்கும், ஒரு நல்ல மழ வந்தா கழுவிட்டு போயிரும். செங்கல் பொடி சேத்தா சுண்ணாம்போட சேந்து ஈரத்துலயும் இறுகும். அதுக்கும் இப்ப வர்ற கெட்டியா சுட்ட செங்கல் உதவாது, கொறைஞ்ச சூட்டுல சுட்ட பழைய மெது செங்கல்தான் வேணும், மாவா இடிச்சி சலிக்கணும். இல்லன்னா என்எச்எல் 3.5ன்னு பைல வர்ற தண்ணியில இறுகுற சுண்ணாம்பு இருக்கு, வெளிநாட்டு சரக்கு, பழைய கட்டடம் செப்பனிடுறவங்ககிட்ட கேட்டா கிடைக்கும், விலை கூடுதல், ஆனா ஒரு சிமினிக்கு அவ்வளவு பை தேவப்படாது. கூரைக்கு மேல உள்ள பகுதிக்கு நான் அதத்தான் சொல்வேன். கூரைக்கு கீழ சுர்க்கி போட்டு செய்ங்க.

தக்காளிபண்ணை:
குறுக்க பேசறதுக்கு மன்னிக்கணும், நான் கம்போங் ராஜாவுல காய்கறி போடுறவன். சுண்ணாம்புன்னு கேட்டு எங்க ஏரியா கடையில போய் வாங்கிடாதீங்க! இங்க கடையில சுண்ணாம்புன்னு தர்றது மண்ணுக்கு போடுற ஜிஎம்எல், சுண்ணாம்புக்கல்ல அப்படியே அரைச்ச பவுடர், சுடவே சுடாதது. பாக்க வெள்ளையா ஒரே மாதிரிதான் இருக்கும், அத மணலோட கலந்து வச்சா காஞ்ச மண்ணு மாதிரி உதிர்ந்து போயிரும், ஒட்டவே ஒட்டாது. சந்தேகமா இருந்தா ஒரு கரண்டி எடுத்து வினிகர் ஊத்துங்க, புஸ்ஸுன்னு நொரை பொங்குனா அது மண்ணுக்கு போடுறது. கட்டட சுண்ணாம்பு அப்படி பொங்காது. பழைய பை காத்து பட்டு கெட்டுப்போனாலும் பொங்கும், அதுவும் வேணாம்.

மலைமேசன்:
தம்பி, இது ரொம்ப பெரிய உதவி. சுர்க்கி கலவைக்கு கட்டட சுண்ணாம்பு புது பையா வாங்கி, கலக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே தண்ணியில ஊற போட்டு வைங்க, ஊற ஊற வெண்ணெய் மாதிரி ஆகும். கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம், சுண்ணாம்பு கண்ணுல பட்டா பார்வையே போகும். சுடு சுண்ணாம்பு கட்டி வாங்கி தண்ணி ஊத்தி நீத்துற வேலைய வீட்டுல செய்யாதீங்க, கொதிச்சி தெறிக்கும்.

மணல் விஷயத்துல பாதி பேர் கோட்ட விடுறாங்க. பூச்சு வேலைக்கு வாங்குற நைசு மணல் வேணாம், கூர்மையான கலப்பு மணல் வேணும், பொடியும் இருக்கணும் குருணையும் இருக்கணும். ஆத்து மணல ஒரு கண்ணாடி பாட்டில்ல பாதி போட்டு தண்ணி ஊத்தி குலுக்கி வைங்க, மேல சேறு தடிமனா படிஞ்சா கழுவித்தான் எடுக்கணும். கலவை ஒரு பங்கு சுண்ணாம்புக்கு ரெண்டரையிலேர்ந்து மூணு பங்கு மணல். தண்ணி கொறைவா, கையில உருட்டுனா உருண்டையா நிக்கணும்.

மூட்டு சுரண்டறது கை வேல. உளியும் சின்ன சுத்தியும். கிரைண்டர் வச்சா கல்லு ஓரம் வெட்டுப்படும், அந்த தூசு நுரையீரலுக்கும் ஆபத்து, பழைய சிமெண்ட எடுக்க வேற வழியே இல்லாத எடத்துல மட்டும் மூட்டு நடுவுல ஒரு கோடு போட்டுட்டு மிச்சத்த உளியால எடுங்க, முகமூடியோட. ஆழம் மூட்டு அகலத்துல ரெண்டு மடங்காவது, எப்படியும் 25 மில்லிக்கு கொறைய வேணாம். தூசிய கழுவி, மூட்ட நனைச்சி, தண்ணி நிக்காம ஈரமா மட்டும் இருக்கும்போது காரைய உள்ள திணிச்சி இறுக்கணும், ஆழமா இருந்தா ரெண்டு தடவையா. அகலமான மூட்டுல சின்ன சின்ன கருங்கல் சில்ல காரையோட சேத்து செருகுங்க, காரை சுருங்கி வெடிக்காது, பழைய ஆளுங்க செஞ்சது அதுதான், உத்து பாத்தா உங்க சிமினியிலயும் சில்லு தெரியும். கல்லு முகத்துல காரை இழுவக்கூடாது. கொஞ்சம் இறுகுனதும் கெட்டி பிரஷால குத்தி குத்தி விடுங்க, மேல வழவழப்பு போயி மூட்டு மூச்சு விடும். வழிச்சி மினுக்கறது அழகுன்னு நெனைக்காதீங்க.

ரிங்லெட்காரி:
அப்பா பக்கத்துல உக்காந்து படிக்க சொல்லி கேட்டுக்கிட்டே இருக்காரு. சில்லு இருக்குன்னு இப்பதான் ரெண்டு பேரும் போய் பாத்தோம், உண்மையிலேயே இருக்கு! எப்ப செய்யலாம்? அப்புறம் வேல முடிஞ்சா கணப்புல நெருப்பு மூட்டலாமா, அப்பாவுக்கு குளிர் தாங்கல.

கணப்பு:
அக்கா, நான் கேமரன் மலை தானா ராத்தா டவுன்ல கணப்பு இருக்குற தங்குமிடத்துல வேல பாக்குறேன். நெருப்பு விஷயத்துல அவசரம் வேணாம். அந்த காலத்து சிமினிக்கு உள்ள குழாய் போட்டிருக்க மாட்டாங்க, காரை பூசி விட்டிருப்பாங்க, அது உதிர்ந்திருந்தா புகையும் கார்பன் மோனாக்சைடும் மூட்டு வழியா பலகை சுவத்துக்குள்ளயே வரும், அதுக்கு வாடையும் கிடையாது நிறமும் கிடையாது. முதல்ல கரிய சுத்தமா இறக்கணும், வழிய அடைச்சிக்கிட்டு உள்ள பறவ கூடு இருக்கும் அதையும் எடுக்கணும், அப்புறம் புகை விட்டு எங்கயாவது கசியுதான்னு பாக்கணும். உங்க வீடு பலக வீடு, மறந்துடாதீங்க. உள்ள ஸ்டெயின்லெஸ் குழாய் இறக்கி, கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டி, காஞ்ச விறகு மட்டும் எரிக்கிறதா இருந்தா சரி. அதுவரைக்கும் ஐயாவுக்கு மின்சார ஹீட்டர் வாங்கி குடுங்க. மூட்டப் போறதே இல்லன்னு முடிவு பண்ணாலும் மேல மழ படாத மாதிரி காத்து போற மூடி, கீழ கணப்பு வாய்ல ஒரு காத்து ஜன்னல், ரெண்டும் வைங்க.

மலைமேசன்:
அத்தனையும் சரி. காலம்னா ஜனவரி பிப்ரவரி. ஏப்ரல் மேயும் அக்டோபர் நவம்பரும் இங்க மழ கொட்டுற மாசம், அதுல தொடவே கூடாது. செஞ்ச மூட்டுக்கு மேல ஈர சாக்கு தொங்க விடுங்க, அதுக்கு வெளிய கேன்வாஸ், ரெண்டுக்கும் நடுவுல காத்து போகணும். வெயில் அடிச்சாலும் கெடும், மழ அடிச்சாலும் கெடும். சாரம் கட்டறத தெரிஞ்சவங்ககிட்ட குடுங்க, ஏணியில நின்னு சிமினி வேல பாக்கறவர வேலைக்கே சேக்காதீங்க.

தாப்பாரோடு:
சரி, அளவு பாத்ததுக்கு அப்புறம் நானும் இடிக்க சொல்லல. கூரை ஓரத்துக்கு என்ன போடணும்னு யாரும் சொல்லலையே? என் தொழில் கூரைதான், அதனால கேக்குறேன். ஈயத் தகடா?

மலைமேசன்:
அண்ணே, கூரைய நீங்கதான் சொல்லணும்.

தாப்பாரோடு:
அப்ப கேளுங்க. கூரை பழைய ஜிங்கா, இல்ல பிற்பாடு மாத்துன அலுமினியம் கலந்த தகடான்னு முதல்ல பாருங்க. கலந்த தகடா இருந்தா ஈயம் பக்கத்துலயே வரக்கூடாது, ஈயம் பட்ட தண்ணி வழியற எடமெல்லாம் தகடு அரிச்சிரும். அதோட கூரை தண்ணிய தொட்டியில பிடிச்சி குடிக்க சமைக்க எடுக்குறீங்கன்னா எந்த கூரைக்குமே ஈயம் வேணாம். வெறும் அலுமினியமும் ஆகாது, ஈர சுண்ணாம்பும் சிமெண்டும் அத தின்னுரும். கூரை எந்த வகையோ அதே வகையில பெயிண்ட் பூசுன தகட்ட வாங்கி, படி படியா மடிச்சி, ஒவ்வொரு படியும் மூட்டுக்குள்ள 25 மில்லி போற மாதிரி செருகணும், உள்ள போற விளிம்புக்கு பிட்டுமின் பெயிண்ட் அடிச்சிட்டு செருகுங்க. கல்ல வெட்டாதீங்க, மூட்டுலதான். அதனால தகடு வேலையும் மூட்டு வேலையும் ஒரே நேரத்துல நடக்கணும், மேசன் காரை வைக்கறதுக்கு முன்ன தகடு உள்ள இருக்கணும். மேல்பக்கத்துல தட்டையா விட்டா திரும்ப இலை தேங்கும், அங்க ரெண்டு பக்கமும் சரியுற மாதிரி ஒரு குட்டி முகடு கட்டி தகடு போடுங்க. தார் டேப் ஒட்டறது மழ வரைக்கும் தாங்க ஒரு தற்காலிகம், அவ்வளவுதான்.

ரிங்லெட்காரி:
கூரை மாத்துன தகடுதான், தொட்டி தண்ணியும் எடுக்குறோம், அப்ப ஈயம் வேணவே வேணாம். அந்த காண்ட்ரெக்டர்கிட்ட பூச்சு வேணாம்னு சொல்லியாச்சி. இப்போதைக்கு மரத்த வெட்டி மருந்து தடவுறது, இலைய வாருறது, உச்சி மேல கேன்வாஸ் கட்டுறது, இத மட்டும் செஞ்சிட்டு ஜனவரிக்கு காத்திருக்கோம். மலைமேசன் அண்ணே, தாப்பாரோடு அண்ணே, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு நாள் வந்து பாக்க முடியுமா? தனி மெசேஜ்ல நம்பர் அனுப்புறேன்.

தாப்பாரோடு:
அனுப்புங்க. கேன்வாஸ இறுக்கி கட்டி அடைச்சிடாதீங்க, பக்கத்துல காத்து போக வழி விடுங்க.